டொக்டர் எழுத மறுத்த மாரடைப்பு

துணுக்காயிலிருந்து அப்பாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில்தான் அந்த டொக்டரைக் கண்டேன். கட்டையான, பருத்த பெண்மணி. வாயில் எப்போதும் ஒரு இஞ்சி டொபி. ஆள் செத்தால் உடனே கையெழுத்து வைக்கமாட்டா. வெளியே வந்து, சொந்தக்காரரோடு வாங்குப் பலகையில் குந்தியிருந்து கதை கேட்பா.

அப்பாவின் உயிர் போய்ச் சற்று நேரம்தான். எனக்கு எரிச்சல்.

“அட்டாக் எண்டு எழுதிவிடுங்கோ டொக்டர். சனத்துக்குச் சொல்லவும் சுகம்.”

“கடைசியிலை எல்லாருக்கும் இதயம் நிக்கும்தானே தம்பி. ஏன் நிண்டது எண்டதைத்தான் நான் எழுதவேணும். காய்ச்சல் இருந்ததோ?”

“ஓம். கண்ணும் சிவந்திருந்தது. கெண்டைக்கால் நோகுது எண்டவர்.”

“வயலுக்கை இறங்கினவரோ?”

“நாங்கள் ரெண்டு பேரும்தான் இறங்கினது.”

அவா டொபி மெல்லுவதை நிறுத்தினா. குனிந்து என் கெண்டைக்காலை அமத்தினா. துடித்துப்போனேன். அலைச்சலில் வந்த நோ என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு, வயல் தண்ணியில் எலி மூத்திரத்தால் தொற்றுகிற எலிக்காய்ச்சல் என்று எழுதிவிட்டு, என்னை அப்பா கிடந்த அதே வார்ட்டில் மறித்து மருந்து ஏற்றினா. மூத்தவன் நானிருக்க, கொள்ளி வைத்தது என் தம்பி. கட்டிலில் கிடந்து அவாவைத் திட்டித் தீர்த்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றவ, தலைமாட்டில் ஒரு டொபியை வைத்துவிட்டுப் போனா.

இப்போது எந்த ஊரில் இருக்கிறாவோ தெரியாது. வயலில் இறங்கும் நாளில் என் சட்டைப்பையில் ஒரு இஞ்சி டொபி இருக்கும்.