பேசாமல் போன லேப்டாப்

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் அவளுக்குக் ‘காது’ என்று பெயர். ஸ்கேன் படங்களைப் பார்த்துக்கொண்டே டாக்டர்கள் ரெக்கார்டரில் பேசி வைப்பதைக் கேட்டு, அறிக்கையாக டைப் செய்து அனுப்புவது அவள் வேலை. மூக்கடைப்போடு பேசுகிறவர், கொட்டாவி விட்டபடி பேசுகிறவர், பாதி வார்த்தையை முழுங்கிவிட்டு மீதியைத் துப்புகிறவர் என்று யார் பேசினாலும் அவளுக்குப் பிடிபட்டுவிடும். மற்ற டைப்பிஸ்டுகள் கைவிட்ட ஒலிப்பதிவு வந்தால், மேற்பார்வை பார்க்கும் அம்மா யோசிக்கவே மாட்டார். “இதைக் காதுகிட்ட தள்ளிவிடுங்க” என்பார். அன்பாக வைத்த பெயர்தான். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

கல்லூரியில் படிக்கும்போது அவளுக்குப் பார்வை போயிற்று. கண் நரம்பில் கோளாறு. முதலில் ஓரங்கள் மங்கின, பிறகு நடுவும் போய்விட்டது. கொஞ்ச காலம் யாரோடும் பேசாமல் கட்டிலே கதி என்று கிடந்தவளை அவளுடைய அக்கா தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பார்வையற்றோர் பயிற்சி மையத்தில் சேர்த்தாள். திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை அங்கேதான் அவள் முதன்முதலாகக் கேட்டாள். கம்ப்யூட்டர் பேசியது. இவள் டைப் அடித்தாள். அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை.

அங்கே அவளோடு படித்தவன் ஒருவன் இருந்தான். பிறவியிலேயே பார்வை கிடையாது. படிப்பு முடிந்து எல்லாரும் வேலை தேடிக் கிளம்ப, அவன் அந்த மையத்திலேயே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டான். அதனால் ‘வாத்தியார்’ ஆகிவிட்டான். “எல்லாரும் ஒரு பேசுற பென்டிரைவ் வச்சுக்கங்க. கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேரும் பேசுற குரலும் அதுலயே இருக்கும். என்னைக்காவது லேப்டாப் படுத்துருச்சுன்னா அதைச் சொருகி எழுப்பிக்கலாம்” என்று தெரிந்தவர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் தொல்லை தாங்காமல் இவளும் தன் கணவரிடம் சொல்லி ஒன்று தயார் செய்து மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லேப்டாப் படுத்துவிட்டது.

பொத்தானை அமுக்கினாள். உள்ளே விசிறி சுற்றியது. வழக்கமாக வரும் வரவேற்புச் சத்தம் வரவில்லை, குரலும் வரவில்லை. அணைத்துப் போட்டாள். மறுபடியும் விசிறி மட்டும்தான். முந்தைய நாள் சாயங்காலம் ஏதோ அப்டேட் ஓடியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. புதன்கிழமை ஆபரேஷனுக்குப் போகிற நோயாளிகளின் ஒலிப்பதிவுகளையும் அந்தச் சாயங்காலம்தான் லேப்டாப்பில் இறக்கி வைத்திருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும்.

கணவர் வேலை பார்ப்பது குளிர்பதனக் கிடங்கில். உள்ளே போனால் போன் லாக்கரில் கிடக்கும். அக்கா பள்ளிக்கூட ஆசிரியை, வகுப்பில் இருந்தாள். வாத்தியாரைப் போனில் கூப்பிட்டாள்.

“பென்டிரைவைச் சொருகு. ஆன் பண்ணுறப்பவே எஃப் பன்னெண்டு கீயைத் தட்டிக்கிட்டே இரு. எதுல இருந்து கிளம்பணும்னு ஒரு பட்டியல் வரும்.”

“வந்தா எனக்கு எப்படிடா தெரியும்? அந்தத் திரை பேசாதே.”

“அதானே. எனக்கும் அதே பஞ்சாயத்துதான். போன் கேமராவுல படிச்சுப் பாரேன்.”

படித்துப் பார்த்தாள். போனில் இருந்த செயலி திரையிலுள்ள எழுத்துகளை ஒப்பித்தது. ஆனால் எது பட்டியல், எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் அதுவும் உளற ஆரம்பித்தது.

“பக்கத்துல பார்வை உள்ளவங்க யாராவது இருக்காங்களா?” என்றான் வாத்தியார்.

இருந்தார். மாடியில் ஒரு தையல்காரம்மா. அங்கேதான் சங்கடம். அவருடைய தையல் மெஷின் சரியாக இவள் தலைக்கு மேலே ஓடும். முணுமுணுப்பைக் கேட்டு டைப் அடிப்பவளுக்கு அது எப்படி இருக்கும்! குடிவந்த புதிதில் பொறுக்கமாட்டாமல் கணவரை அனுப்பிச் சொல்லச் சொல்லியிருந்தாள். அந்தம்மா உடனே மெஷினுக்குக் கீழே கம்பளியை மடித்துப் போட்டுக்கொண்டார். சத்தம் குறைந்தது, பேச்சுவார்த்தையும் அதோடு நின்றுபோனது. இப்போது எந்த முகத்தோடு போய்க் கதவைத் தட்டுவது?

தட்டினாள். கதவு திறந்ததும் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

“ஐயோ, எனக்கு கம்ப்யூட்டர்னா பாதாம் பருப்பா, பாகற்காயான்னுகூட தெரியாதும்மா” என்றார் தையல்காரம்மா.

“தெரிய வேண்டாம்க்கா. எழுத்துக் கூட்டத் தெரிஞ்சா போதும்.”

“ஏ, பி, சி, டி தெரியும். அதுக்கு மேல பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்து வரல.” வாயில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு, “இரு, அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்” என்றார்.

மேசையில் போன் ஸ்பீக்கரில் வாத்தியார். நாற்காலியில் காது. பக்கத்தில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தையல்காரம்மா. இரண்டு பேருக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி, கண் தெரியாது. மூன்றாமவருக்குக் கண் தெரியும், வேறொன்றும் தெரியாது.

“பட்டியல் வந்துருச்சும்மா. ஒரே ஒரு வரிதான் இருக்கு. டபிள்யூ, ஐ, என்...”

“அது உள்ள இருக்குற டிஸ்க். யு, எஸ், பி-ன்னு ஏதாவது இருக்கா?” என்று போன் கேட்டது.

“கண்ணாடியைக் கழட்டிப் பார்த்தாலும் இல்ல தம்பி.”

வேறு துளையில் சொருகிப் பார்த்தார்கள். இல்லை. எடுத்து ஊதிவிட்டுச் சொருகினார்கள். அப்போதும் இல்லை. வாத்தியார் அடுத்த கேள்வியைப் போட்டான்.

“பென்டிரைவை யாரு தயார் பண்ணது?”

“அவருதான். நீ அனுப்பின ஃபைலை எடுத்துப் போட்டாரு.”

“போட்டாருன்னா?”

“காப்பி பண்ணி ஒட்டினாரு.”

போனில் வாத்தியார் சிரித்த சிரிப்பில் தையல்காரம்மாவும் காரணம் தெரியாமல் சிரித்துவிட்டார். “பாட்டு காப்பி பண்ற மாதிரி பண்ணி வச்சிருக்காரு மனுஷன்! அப்படிப் போட்டா அது சும்மா பொட்டலம்தான். பிரிச்சு எழுதணும், அதுக்குன்னு தனி புரோகிராம் இருக்கு. எங்கயாவது ஒரு கம்ப்யூட்டர் கிடைக்குமா?”

“முக்குல ஜெராக்ஸ் கடை இருக்கு” என்று எழுந்தார் தையல்காரம்மா. “என் கையைப் பிடிச்சுக்க.”

“நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கிறேன்க்கா. நீங்க முன்னாடி நடங்க, அதுதான் எனக்கு வசதி.”

“அப்படியா? இவ்வளவு நாளா தெரியாம போச்சே.”

ஜெராக்ஸ் கடைக்காரர் முதலில் தயங்கினார். தெரியாத பென்டிரைவ், வைரஸ் கிருமி வந்துவிடும் என்றார். தையல்காரம்மா விடவில்லை. “உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ரவிக்கை தைக்கிறது நான்தானே? என்னை நம்பி அளவு குடுக்குறாங்க, நீங்க கம்ப்யூட்டரைக் குடுக்க மாட்டீங்களா?” கடைக்காரர் சிரித்துக்கொண்டே பென்டிரைவைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. போனில் வாத்தியார் சொல்லச் சொல்லத் தானே உட்கார்ந்து அந்த ஃபைலை முறைப்படி பென்டிரைவில் எழுதிக் கொடுத்தார். காசு நீட்டியதற்கு, “போங்கம்மா, முதல்ல லேப்டாப்பை எழுப்புங்க” என்று விரட்டிவிட்டார்.

திரும்பி வந்து சொருகியதும் தையல்காரம்மா கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். “வந்துருச்சு! யு, எஸ், பி! ரெண்டாவது வரி!”

கீழ் அம்பு ஒரு தடவை, பிறகு என்டர். காது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அய்யய்யோ, செவப்பா ஒரு பெட்டி வருதும்மா. நான் எதையும் தொடலை!”

“பயப்படாதீங்க. என்ன எழுதியிருக்கு?”

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எஸ், இ, சி, யு, ஆர், இ. காதும் வாத்தியாரும் ஒரே நேரத்தில் “செக்யூர் பூட்!” என்றார்கள். முன்பின் தெரியாத எதையும் உள்ளே விடாத காவல் அது. அதைக் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கச் சொன்னால் போதும்.

செட்டிங்ஸ் திரைக்குள் போனார்கள். அங்கேதான் நேரம் பிடித்தது. ஒரு அம்புக்குறி கூடுதலாகத் தட்டினால் வேறெங்கோ போய் நிற்கும். தையல்காரம்மாவும் பழகிக்கொண்டார். முதலில் எல்லாவற்றையும் மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டிருந்தவர், பிறகு, “இப்ப வெள்ளைப் பட்டை மூணாவது வரியில நிக்குது, உனக்கு வேண்டியது அஞ்சாவது, ரெண்டு தட்டு” என்று துணி அளப்பது போலச் சொல்லத் தொடங்கிவிட்டார். காவலை நிறுத்திச் சேமித்தார்கள். மறுபடி எஃப் பன்னெண்டு, ரெண்டாவது வரி, என்டர்.

“கறுப்பா இருக்கு... ஏதோ சுத்துது... இப்ப ஒரு படம் வந்துருச்சும்மா, அழகா இருக்கு.”

“மூணு கீ சேர்த்து அமுக்கு, நான் சொல்லிக் குடுத்தது ஞாபகம் இருக்கா?” என்றான் வாத்தியார்.

அமுக்கினாள். கரகரவென்று, ஜலதோஷம் பிடித்த இயந்திரம் போல ஒரு குரல் பேசியது. திரை வாசிப்பான் தயார் என்றது.

காது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தையல்காரம்மாவுக்குத் தெரியவில்லை. தோளில் கை வைத்தார்.

அதன்பிறகு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. காதின் விரல்கள் ஓட ஆரம்பித்தன. லேப்டாப்பின் டிஸ்க்கைத் திறந்தாள், ஒலிப்பதிவுகள் பத்திரமாக இருந்தன. அந்தப் பென்டிரைவிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரிலேயே அறிக்கைகளை அடித்து அனுப்பத் தொடங்கினாள். குரல் பேசிய வேகத்தில் தையல்காரம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. “இதைக் கேட்டா எழுதுறே? எங்க வீட்டுப் பிரஷர் குக்கர்கூட இதைவிட நிதானமாப் பேசும்” என்றபடி வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு மாடி ஏறினார். அன்று பிற்பகல் முழுவதும் அவர் மெஷினைத் தொடவில்லை. அது இவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசி அறிக்கையும் போய்ச் சேர்ந்ததாக மேற்பார்வை அம்மா போன் செய்தபோது வெயில் இறங்கியிருந்தது. காது நேராக மாடி ஏறினாள்.

“அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. மெஷின் சத்தத்துக்கு ஆள் அனுப்பினவ நான்...”

“அட, அதெல்லாம் எதுக்கு இப்ப? கம்பளி போட்டதுல எனக்கும் கால் வலி குறைஞ்சுச்சு” என்றார் அவர். “உள்ள வா. டீ போட்டிருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை கணவர் உட்கார்ந்து லேப்டாப்பைப் பழையபடி சரிசெய்தார். காப்பி பண்ணி ஒட்டிய கதையைச் சொல்லி இரண்டு பெண்களும் அவரை ஓட்டித் தள்ளினார்கள்.

வாத்தியார்தான் அதை அதோடு விடவில்லை. மையத்தில் பேசாத லேப்டாப்புகள் குவிந்து கிடக்கின்றன, மாதம் ஒரு தடவை அந்தக்கா வந்து படித்துச் சொல்வார்களா என்று கேட்டான். “நானா? எனக்கு என்ன தெரியும்?” என்று முதலில் மழுப்பிய தையல்காரம்மா, கிளம்புகிற நாளில் புதுசாகத் தைத்த ரவிக்கை போட்டுக்கொண்டு காதுக்கு முன்பே வாசலில் தயாராக நின்றார்.

மையத்தில் நீளமான மேசை, வரிசையாக லேப்டாப்புகள், ஒவ்வொன்றின் முன்னாலும் பொறுமையில்லாமல் ஒருவர். தையல்காரம்மா முதல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். காது பின்னால் சுவரோரம் உட்கார்ந்தாள். எத்தனையோ பேருடைய முணுமுணுப்பைக் கேட்டுப் பழகிய அவளுக்கு, தையல்காரம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவ்வளவு நிறைவாக இருந்தது.

“யாருப்பா முதல்ல? ஆன் பண்ணு. ம்... பட்டியல் வந்துருச்சு. மொத்தம் நாலு வரி. வெள்ளைப் பட்டை மேல நிக்குது.”