முனிக்கு வைத்த கியூபா சுருட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் இப்போது துரை இல்லை. ஹட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள் காசு கொடுத்து இரண்டு மூன்று நாள் துரையாக இருந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குச் சாப்பாடு பரிமாறுவது என் வேலை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதற்கெடுத்தாலும் சிரிக்க வேண்டும். சிரிப்பும் சம்பளத்தில் சேர்த்திதான்.

போன வருஷம் வந்தவர்களில் ஒருவர் பெருத்த உடம்புக்காரர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் புல்தரையில் நாற்காலி போடச் சொல்லுவார். மரப்பெட்டி ஒன்றைத் திறந்து, என் கட்டைவிரலைவிடத் தடித்த சுருட்டு ஒன்றை எடுப்பார். சின்னக் கத்தரி மாதிரி ஒன்றால் அதன் நுனியை நறுக்குவார். பிறகு பற்றவைத்து ஒன்றரை மணி நேரம் அதனோடு குடும்பம் நடத்துவார். சாம்பல் தட்டோடு பக்கத்தில் நிற்பது நான்.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் விலையைக் கேட்டுவிட்டேன். சொன்னார். எங்கள் அக்கா பத்து நாள் கொழுந்து பறித்தாலும் அதில் ஒன்று வாங்க முடியாது. அதே காசுக்குக் கினிகத்தேனைக் கடையில் சுருட்டு வாங்கினால் மூட்டை கட்டித்தான் தூக்கிவர வேண்டும். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று கேட்டேன். கியூபாவில் விளைந்த இலை, வருஷக்கணக்கில் பதப்படுத்தியது, மெஷின் படாமல் கையாலேயே சுற்றியது என்றார். பிறகு மேசையில் இருந்த தேயிலை டின்னைக் காட்டினார். முதல் நாள் அதை அவர் தலையில் கட்டியதே நான்தான். பனியில் வளர்ந்தது, இரண்டு இலை ஒரு மொட்டு, கையால் பறித்தது என்று பாடம் ஒப்பித்து விற்றிருந்தேன். "அதற்கு ஏன் இவ்வளவு விலை என்று நான் கேட்டேனா?" என்றார். சாம்பல் தட்டை இன்னும் கொஞ்சம் அருகே நீட்டினேன்.

கிளம்புகிற அன்று ஒரு சுருட்டை என் கையில் வைத்தார். விலை தகுமா தகாதா என்று நீயே குடித்துப் பார்த்துச் சொல், அடுத்த வருஷம் வருகிறேன் என்றார். எனக்குப் புகைப்பழக்கம் கிடையாது. ஆனாலும் நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்க அதைக் காட்டி, விலையைச் சொல்லிப் பெருமை அடித்துவிட்டு அலுமாரியில் பூட்டி வைத்தேன்.

அந்த வாரம்தான் அக்காவின் மாடு காணாமல் போனது.

முதல் சினை மாடு. இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி வாங்கியது. கன்று போட்டால் பால் ஊற்றிப் பிழைத்துக்கொள்ளலாம், கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிடலாம் என்பது அவள் கனவு. முழங்கால் வலியோடு மலை ஏறுகிறவள். மேல்மலைப் பக்கம் சிறுத்தையின் கால்தடம் கிடந்ததாக யாரோ சொல்ல, எல்லோரும் காட்டு ஓரமாகவே தேடினோம். மூன்று நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் பாதி வேலையில் இறங்கி வந்துவிட்டாள். அரைப் பேர்தான் விழும், அரை நாள் சம்பளம் போச்சு. அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

"தம்பி, முனிக்குச் சுருட்டு வைக்கப் போறேன். வெள்ளக்காரரு குடுத்தத எடு."

"அக்கா, அது என்ன வெலன்னு தெரியுமா?"

"லயம் பூரா நீதானடா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. கையால சுத்துனதுக்கு அம்புட்டு வெலயாம்! நாங்க என்ன காலாலயா கொழுந்து பறிக்கிறோம்?"

அலுமாரியைத் திறந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அதன் இடுப்பில் இருந்த தங்க நிறத் தாளை உரிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "கெடக்கட்டும். முனிக்கும் வெல தெரியணும்ல."

எங்கள் முனி, கொழுந்து மலையின் அடிவாரத்தில் ஒரு கல்லும் சூலமுமாக இருக்கிறார். பூசாரி சுருட்டைப் பற்றவைத்து, இழுத்துக் கனிய விட்டு, கல்லின் முன்னால் வைப்பார். அது சாம்பலாகும்வரை வந்தவர்கள் யாரும் நகரக் கூடாது. நடுவில் அணைந்தால் முனிக்குச் சம்மதமில்லை என்று அர்த்தம். கடைச் சுருட்டு என்றால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

பூசாரி மற்ற நாளில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். சுருட்டை வாயில் வைத்து நெருப்புக் குச்சியைக் காட்டி இழுத்தார். கன்னம் ஒட்டியதே தவிரப் புகை வரவில்லை. மூன்று முறை பற்றவைத்தும் மூன்று முறையும் அணைந்தது. கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"முனி வேணாங்கிறாரு ஆத்தா" என்றார் பூசாரி.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எம் மாடு போயிருச்சுடா தம்பி."

அப்போதுதான் எனக்கு அந்தச் சின்னக் கத்தரி ஞாபகம் வந்தது. மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்த மடையன் நான். "பூசாரிண்ணே! நுனிய நறுக்கணும்! அங்கிட்டு அடச்சிருக்கு!"

"இத முன்னாடியே சொல்ல என்னடா ஒனக்கு?" என்று கவ்வாத்துக் கத்தியை எடுத்து ஒரே சீவாகச் சீவினார். அடுத்த இழுப்பில் புகை மலை உயரத்துக்கு எழும்பியது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். ருசித்தது முனியா பூசாரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகு ஆரம்பித்தது எங்கள் சோதனை. ஒரு மணி நேரம் ஆகியும் சுருட்டு பாதிகூடக் குறையவில்லை. கங்கு மங்கும்போதெல்லாம் பூசாரி சந்தேகப்படும்படியான பக்தியோடு ஓடி வந்து இழுத்தார். பனி இறங்கியது, கால் மரத்தது. எதிர் மலையில் புல் வெட்டும் மெஷின்கள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அந்த வெள்ளைக்காரரை மனதுக்குள் நான் திட்டாத திட்டில்லை.

நாலரைக்கு மெஷின்களை நிறுத்தினார்கள். மலையே சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் கீழே, தேயிலை இல்லாமல் கைவிட்ட சரிவின் ஆளுயர மானாப் புல்லுக்குள்ளிருந்து, மெல்லிசாக ஒரு "ம்மா".

அக்கா துள்ளி எழுந்தாள். ஆனால் சுருட்டில் இரண்டு விரல்கடை பாக்கி இருந்தது. முனியைப் பார்த்தாள், சுருட்டைப் பார்த்தாள், பூசாரியைப் பார்த்தாள்.

"ஓடு ஆத்தா" என்றார் பூசாரி. "மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் முழங்கால் வலிக்காரி பாதிச் சரிவு இறங்கிவிட்டாள். ஆழமான மழைநீர்க் கானுக்குள், புல் மூடிய இடத்தில், திரும்ப முடியாமல் சிக்கி நின்றது மாடு. கயிறு கட்டிப் பத்துப் பேர் இழுத்தோம். அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேலைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு, சேற்றில் நின்று நானும் அழுதேன்.

இந்த வருஷம் சொன்னபடியே அவர் வந்தார். விலை தகுமா என்று கேட்டார். கடைச் சுருட்டு வைத்திருந்தால் மெஷின் நிற்பதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருப்போம் சார் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பூசாரி ஓடி ஓடி இழுத்ததைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பெட்டியைத் திறந்து இன்னொன்றை நீட்டினார். இனி எதற்கு என்று நான் தயங்கினேன்.

பங்களாவுக்குப் பால் ஊற்ற வந்த அக்கா, கொழுந்துக் கூடையில்லாத வெறுந்தலையோடு குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கி வையிடா" என்றாள். "கன்னுக்குட்டி தெனமும் கயித்த அத்துக்கிட்டு ஓடுது."