எறும்பு செத்த பால்

மூத்த மகள் பிறந்து மாதம் முடியுமுன்பே அவள் கன்னத்தில் சிவப்புச் சிவப்பாய்ப் பருக்கள் கிளம்பின. சிலவற்றின் நுனியில் வெள்ளைப் புள்ளி. மூக்கிலும் நெற்றியிலும் கொஞ்சம். காய்ச்சல் இல்லை, சிணுங்கல் இல்லை. வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கினாள். தூங்காதவள் நான்தான். இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டியொட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த முகத்துக்கு ஒரு காரணம் சொல்லிவிட்டுப் போனார்கள். என் மாமியார் சொன்ன காரணம் நான்.

"ஒம் பாலு சூடு. அதுதான் புள்ள மூஞ்சியில கெளம்புது," என்றார்.

முதலில் என் சோற்றில் கைவைத்தார். கருவாடு நின்றது, மாசி மீன் நின்றது, மிளகாய் நின்றது. ரசமும் சோறும் தின்று எனக்கு நாக்கே செத்துப்போனது. பருக்கள் போகவில்லை. பிறகு என் பாலைக் கொஞ்சம் பீய்ச்சி ஒரு சாசரில் எடுத்து, ஓர் எறும்பைப் பிடித்து அதில் போட்டார். எறும்பு செத்தால் கெட்ட பால். எங்கள் லயத்தில் அப்படித்தான் சோதிப்பார்கள். எறும்பு கொஞ்ச நேரம் காலை உதைத்தது, செத்தது. பச்சைத் தண்ணீரில் போட்டிருந்தாலும் செத்துத்தான் போயிருக்கும். அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கணவர் சாசரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் கடையிலிருந்து டின் பாலும் போத்தலும் வாங்கி வந்தார்.

பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை மார்பில் வைத்து இறுக்கிக் கட்டினார் மாமியார். மகள் போத்தலை உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டு, கல்லாய்க் கனத்த மார்போடு படுத்துக் கிடந்தேன். மாமியார்மேல் அன்று வந்த அவ்வளவு வெறுப்பு எனக்கு அதற்குப் பிறகு யார்மேலும் வந்ததில்லை.

தோட்டத்து மருத்துவச்சி எங்கள் லயத்துக்கு வந்தபோது என் பால் நின்றுபோயிருந்தது. அவர் பிள்ளையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"இது பச்சப் புள்ளைக்கு வர்ற பரு. எண்ணெ பூசாதீங்க, கிள்ளாதீங்க. வெறுந் தண்ணியில தொடச்சா போதும், தானா போயிரும். பாலுக்கும் இதுக்கும் ஒன்னும் இல்ல. தாய்ப்பாலே குடுங்க."

மாமியார் உள்ளே போய்விட்டார். பருக்கள் யாரையும் கேட்காமல் மெல்ல மெல்லப் போயின. "டின் பாலுதான் சொகமாக்குச்சு," என்று மாமியார் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டார். நான் கொழுந்தெடுக்கும் வேலைக்குத் திரும்பும்வரை மகளை மார்பில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் வைப்பாள், இழுப்பாள், ஒன்றும் வராமல் முகம் சிவக்க அழுவாள். மாமியார் போத்தலை நீட்டுவார். நானே வாங்கி அவள் வாயில் வைப்பேன்.