கேஸ் ரூம் வாசலில் ஒற்றைக் கொலுசு

எங்கள் வேதியியல் துறையில் வாயு உண்டாக்குகிற கேஸ் ரூம் கதவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஒரு ஆணி அடித்திருக்கிறது. அதில் ஒற்றை வெள்ளிக் கொலுசு தொங்குகிறது. முத்தெல்லாம் உதிர்ந்து, கொக்கி வளைந்துபோன பழைய கொலுசு. புதிதாகச் சேரும் பிள்ளைகள், யாரோ தொலைத்ததை எடுத்து மாட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஒரு வருஷம் நல்ல மனசுக்கார மாணவி ஒருத்தி அதைக் கழற்றிக்கொண்டு போய் ஆபீஸில் ஒப்படைத்துவிட்டாள். அன்றைக்கு நான் போட்ட சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டதாம். அப்புறம் அவளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, இந்தக் கதையைச் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான், மறுக்கவில்லை.

இன்றைக்கு எங்கள் அறிவியல் வளாகத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பழைய கதை நம்ப முடியாது. வாலாஜாபேட்டைக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் மூன்று மாடிக் கட்டடம், கருவிக்கூடம், பெண்கள் விடுதி, பாலாற்றங்கரைக் கிணறுகளிலிருந்தெல்லாம் மாதிரி வந்து சேருகிற தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் என்று எல்லாம் இருக்கிறது. நான் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது இங்கே இருந்தது மூடிப்போன ஒரு தோல் குடோன். பல்கலைக்கழகம் அதை வாடகைக்குப் பிடித்து, நடுவில் சுவர் எழுப்பி, 'இயற்பியல்', 'வேதியியல்' என்று போர்டு மாட்டி, அறிவியல் வளாகம் என்று பெயர் வைத்துவிட்டது. தோலுக்குப் போட்ட உப்பு தரைக்குள் ஊறிக் கிடந்தது. மழை வந்தால் சுவரில் உப்புப் பூக்கும். ஜன்னல் தாழ்ப்பாள் ஒவ்வொன்றும் துருப்பிடித்து, திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு கேன் கிடைத்தால் எங்களுக்குத் தீபாவளி.

அப்புறம் அந்த வாடை. சுற்றிலும் தோல் தொழிற்சாலைகள். நான் ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவள், எனக்கு அது ஒரு வாடையாகவே தெரியாது. பஸ்ஸில் வெளியூர்க்காரர்கள் புடவைத் தலைப்பையும் கர்ச்சீப்பையும் மூக்குக்குக் கொண்டுபோகும்போதுதான் 'சரி, ஊர் வந்துவிட்டது' என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பேன். அவர்கள் மூக்கைப் பொத்துவதைப் பார்த்தால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். எங்கள் அப்பாவின் சட்டையில் இருந்த வாடை அது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

அங்கே லேப் அட்டெண்டராக வந்தவர்தான் இந்தக் கொலுசுக்காரி. எல்லோரும் அவரை 'லேப் அக்கா' என்றோம். தினக்கூலி வேலை. வீட்டுக்காரர் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியில் இருந்தார். தோலிலிருந்து மயிரை நீக்க ஊறப்போடுகிற குழி அது. அக்கா எட்டாவது வரை படித்தவர். ஆனால் எந்த பாட்டிலில் எந்த அமிலம், எந்த பியூரெட் குழாய் ஒழுகும், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அவருடைய ஒரே மகள் எங்களிடமே பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி.

எங்களிடம் அப்போது எம்.எஸ்ஸி. கிடையாது. மேலே படிக்க மெட்ராஸ் போக வேண்டும், இல்லை பெங்களூர். எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேரை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து பர்தா போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து படித்த பிள்ளைகள், டிகிரி முடிந்ததும் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்பார்கள். அக்கா ஒருநாள் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டே சொன்னார்: "இங்கியே மேல்படிப்பு வந்துட்டா எம் பொண்ணு படிப்பா மேடம். மெட்ராஸ்னா அவங்கப்பா காலை ஒடச்சிடுவாரு. நீங்க எப்டியாவது கொண்டாந்துடுங்க." நான் என்னவோ எம்.எஸ்ஸி.யைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருபவள் மாதிரி கேட்டார். நானும் "கொண்டு வர்றேன்கா" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருஷமே மெட்ராஸிலிருந்து மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. வசதி போதும் என்று அவர்கள் எழுதினால் எம்.எஸ்ஸி. கிடைக்கும். இல்லையென்றால் வளாகத்தையே தலைமையிடத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. ஒரு மாதம் வெள்ளையடித்தோம், மேசைக்கு வார்னிஷ் போட்டோம். எனக்கு ஒரே ஒரு கவலை, வாடை. வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டால் உள்ளே எதைக் காட்டி என்ன பயன்? அதற்கு நான் ஒரு மகா யோசனை கண்டுபிடித்தேன். லேபின் அத்தனை ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் பஞ்சு அடைத்து, மேலே பழுப்புத் தாளை மைதாப் பசை போட்டு ஒட்டச் சொன்னேன். வராண்டாவில் சாம்பிராணி. அக்காதான் ஏணியில் ஏறி ஒட்டினார். "காத்து வேணாமா மேடம்?" என்று ஒரு தடவை கேட்டார். "ஒரு நாள்தானேக்கா" என்றேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

குழு வந்த அன்று கடைசி வருஷப் பிள்ளைகள் இருபது பேர் உள்ளே உப்புப் பகுப்பாய்வு செய்துகொண்டிருந்தார்கள். அதற்கு ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஜாஸ்தி ஆனால் ஆளையே சாய்த்துவிடும். அதை உண்டாக்குகிற கண்ணாடிச் சாதனம் ஒரு மூலையில் இருந்தது. சுண்ணாம்புக் குழியில் கிளம்புவதும் இதே வாயுதான். வேறு எந்த ஊர் லேபாக இருந்தாலும் அது கொஞ்சம் கசிந்தாலே பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடியிருப்பார்கள். எங்கள் மூக்குக்கு அது ஊர் வாடை. சாதனத்தின் குழாய் மூடி அன்றைக்குக் காலையிலிருந்தே கசிந்திருக்கிறது, ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்து, சாம்பிராணிப் புகை என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு நான் உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்த வாயு ஜாஸ்தி ஆனால் மூக்கு மரத்துப்போகும் என்று வகுப்பில் வருஷா வருஷம் பாடம் எடுத்தவள் நான்.

குழுவினர் எங்கள் வளாக டைரக்டரின் அறையில் டிபன் முடித்து லேபுக்குக் கிளம்பினார்கள். குழுத் தலைவர் வேதியியல் பேராசிரியர், ஒல்லியான மனிதர், கர்ச்சீப் மூக்கிலேயே இருந்தது. நாங்கள் வாசலுக்கு வந்து சேரவும் உள்ளே சடசடவென்று கண்ணாடி உடையும் சத்தம். பார்த்தால், அக்கா இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி ஜன்னலை அடிக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று. "எல்லாம் வெளிய போங்க! எதையும் எடுக்காதீங்க, போங்க!" என்று கத்திக்கொண்டே பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளுகிறார். அவர் மகள் "ஐயோ அம்மா, மானம் போவுது, வுடும்மா" என்று அழுகிறாள். அவளையும் முதுகில் ஒன்று வைத்து வெளியே தள்ளினார். டைரக்டர் "யார் இந்தப் பொம்பளையை உள்ளே விட்டது?" என்று கர்ஜித்தார். நான் அதற்கும் மேலே போய், "அறிவிருக்காக்கா உனக்கு? இன்னிக்கிப் போய் இப்டி பண்ணுவியா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன்.

அக்கா கடைசிப் பிள்ளை வெளியே வருகிற வரைக்கும் காத்திருந்து, தானும் வந்து, இருமலுக்கு நடுவே புடவையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். "காலைப் பாருங்க மேடம்." இரண்டு கொலுசும் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தன. "குழு வர்றாங்கன்னு நேத்து சாயங்காலந்தான் பல்பொடி போட்டு பளபளன்னு தேச்சேன்." சோதனைக்குழாய் கழுவக் குந்தினவர் கண்ணில் அது பட்டிருக்கிறது. அந்த வாயு பட்டால் வெள்ளி கறுத்துப்போகும். காற்றைவிடக் கனம் வேறு, தரையில்தான் முதலில் தேங்கும். நானும் டைரக்டரும் தலை மட்டத்தில் வாடை பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்காவின் கால் கண்டுபிடித்துவிட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டிப் பார்த்து, அசையாததால்தான் கண்ணாடியை உடைத்திருக்கிறார். வராண்டாவில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், ஒருத்தி மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்துக் காற்றாட வைத்ததும் கண்ணைத் திறந்தாள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே இன்றைக்கும் எனக்குத் துணிச்சலில்லை.

தலைவர் கர்ச்சீப்பை எடுத்துவிட்டு, அக்காவிடம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். "வாடை அடிச்சா பயமில்ல சார். அடிச்சிட்டிருந்த வாடை டப்புனு நின்னாதான் பயம். என் தம்பி குழி கழுவ எறங்குனவன், 'இன்னா அக்கா, வாடையே இல்லியே'ன்னு சிரிச்சிட்டே எறங்குனான். மேல வரல." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேறு ஒன்று இருந்தது. எம்.எஸ்ஸி. போய்விட்டது, அதைத் தன் கையாலேயே உடைத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் உடைத்திருக்கிறார்.

"ஜன்னலுக்குத் தாள் ஒட்டச் சொன்னது யார்?" என்றார் தலைவர். டைரக்டர் தரையைப் பார்த்தார். அக்கா வாயைத் திறந்தார், 'நான்தான்' என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முந்திக்கொண்டு, "நான்தான் சார்" என்றேன். ஏன் என்றார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "நீங்க மூக்கைப் பொத்துவீங்கன்னுதான் சார். எங்க ஊரு வாடையப் பார்த்துட்டு எங்க பிள்ளைங்களுக்குப் படிப்பு வேணாம்னு எழுதிட்டுப் போயிடுவீங்கன்னு." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் கையிலிருந்த கர்ச்சீப்பை ஒரு தடவை பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் கார் ஏறுகிற வரைக்கும் அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை.

இரண்டு மாதம் மெட்ராஸ் தபாலுக்குக் காத்திருந்தோம். கடிதம் வந்தபோது டைரக்டர் அதை என் கையில் கொடுத்துவிட்டுக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய்விட்டார். எம்.எஸ்ஸி.க்கு அனுமதி. நிபந்தனை இரண்டு: வாயுவுக்குத் தனி அறை, எல்லாப் பக்கமும் திறக்கிற ஜன்னலோடு. அந்த அம்மாளை நிரந்தரமாக்க வேண்டும், தகுந்த கருவி வாங்குகிற வரைக்கும் வெள்ளி வைத்துப் பார்க்கிற அவர் முறையைத் தொடர வேண்டும். எனக்கு முதல்முறையாக அந்தக் குடோன் ஒரு பல்கலைக்கழகமாகத் தெரிந்தது. ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் குந்தி உட்கார்ந்து, வலது கால் கொலுசைக் கழற்றி, பல்பொடி போட்டுத் தேய்த்து என் கையில் கொடுத்தார். "ஆணி அடிங்க மேடம். கீழ அடிங்க, மேல அடிச்சிடப் போறீங்க."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் நடைமுறை. தினமும் காலையில் அக்கா கேஸ் ரூம் வாசலில் குந்தி, கொலுசைத் திருப்பிப் பார்த்து, "வெள்ளையா கீது. புள்ளைங்கள உள்ள வுடுங்க" என்று சொன்ன பிறகுதான் லேப் திறக்கும். மணி அடித்தாலும் சரி, துணைவேந்தரே வந்து நின்றாலும் சரி. கொஞ்சம் மங்கினாலும் அன்றைக்கு லேப் கிடையாது, எந்தக் குழாய் என்று தேடு. அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் எங்கள் லேபில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்ததில்லை. அவர் மகள் முதல் பேட்ச்சில் முதலாவதாக வந்தாள். இன்றைக்கு எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் அவள் பொறுப்பில் இருக்கிறது. கழிவு எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதி அவள் கையெழுத்துப் போட்டால், பெரிய பெரிய முதலாளிகளுக்கே பேஜார்.

போன மாதம் புதிய ஆய்வகத் தொகுதியைத் திறந்தோம். கேஸ் ரூமுக்குள் வெளிநாட்டுக் கருவி, சுவரில் பச்சை விளக்கு மினுக்குகிறது, கசிவு என்றால் அலறும். அதன் நேர் கீழே, தரையிலிருந்து ஒரு முழத்தில், பழைய ஆணியையே பிடுங்கி வந்து அடித்துக் கொலுசை மாட்டச் சொன்னேன். இன்ஜினியர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். துணைவேந்தர் வந்தார், ரிப்பன் கட்டியிருந்தது, வெள்ளைக் கோட்டோடு முதலாண்டு எம்.எஸ்ஸி. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அதில் முக்கால்வாசி பெண்கள். மைக்கில் துறைத் தலைவர் என்று என் பெயரைச் சொல்லி, தொடங்கலாமா மேடம் என்று கேட்டார்கள். "ஒரு நிமிஷம்" என்றேன்.

மகள் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தார். முட்டி வலியாம், மெதுவாகத்தான் குந்த முடிந்தது. பச்சை விளக்கைத் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொலுசைத் திருப்பி, புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அத்தனை பேரும் காத்திருந்தோம்.

"வெள்ளையா கீது மேடம். புள்ளைங்கள உள்ள வுடுங்க."