அண்ணி சொன்ன பிடி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடி சாதாரணக் கயிறு அல்ல. சுண்டுவிரல் தடிமன். ஒரு காலத்தில் ஊதா, இப்போது வெயிலில் வெளுத்து ஏதோ ஒரு நிறம். ஆளையே தொங்கவிடலாம், நாங்கள் பெட்ஷீட் காயப்போடுகிறோம். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்று முப்பது வருஷமாகச் சொல்கிறேன். அண்ணி கேட்டால்தானே!

தொண்ணூறுகளில், கர்நாடகத்திலேயே தமிழ் பேசும் எங்கள் கிராமமான மார்டள்ளியிலிருந்து மைசூருக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்து அண்ணன் வீட்டில் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமையாவது மனுஷன் தூங்க முடிந்ததா? விடிந்தும் விடியாமலும் அண்ணி சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக வந்து கதவைத் தட்டுவார். மலையேறும் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தார். பாண்டவபுரத்துக்குப் பஸ், அங்கிருந்து குந்திபெட்டா மலை, பிறகு செங்குத்துப் பாறையில் பல்லியாட்டம் ஏறுவது. பின்பக்கமாகச் சாவகாசமாக நடந்தே போக வழி இருந்தது, அது வேண்டாமாம்! கேட்டால், "வாரம் பூரா ஆபீஸ்ல டைப் அடிச்சு, வீட்ல சோறு பொங்கி... அங்க ஏறினாதான் தம்பி எனக்கு மூச்சே வருது" என்பார். அண்ணனுக்கோ தடுக்கவும் தைரியமில்லை, கூடப் போகவும் தைரியமில்லை. "நீ போடா. அவளுக்கு ஒரு கீறல் விழுந்துச்சுன்னா அத்தோட இந்தக் கூத்துக்கு முழுக்கு" என்று என்னைக் காவலுக்கு அனுப்பிவிடுவார்.

அண்ணி மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பேச்சில் பாதி கன்னடம். "பயப்படாதே தம்பி, ஏனூ ஆகல்ல" என்பார். ஒன்றும் ஆகாதாம்! நான் சும்மா இருந்திருக்கலாம். தமிழைத் திருத்துகிறேன் பேர்வழி என்று, "புடி இல்லை அண்ணி, பிடி" என்று சொல்லிக்கொடுத்தேன். பாறையடியில் கயிற்றின் ஒரு நுனி என் கையில். அது உச்சி மரத்தில் மாட்டிய வளையம் வழியாக இறங்கி அண்ணியின் இடுப்புப் பட்டையில் முடியும். சங்கத்தில் கட்டளையெல்லாம் கன்னடம். 'ஹிடி' என்றால் இறுக்க வேண்டும். 'பிடி' என்றால், நம் பிடியேதான், 'பி'யை மட்டும் கொஞ்சம் அழுத்தி, கயிற்றை விட வேண்டும். இது என் மண்டையில் ஏற நாலு ஞாயிறு ஆனது. சங்கத்தில் ஏறக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் திட்டித் திட்டி ஏற்றினார்.

அந்த ஞாயிறு தூறலில் பாறை வழுக்கியது. பாதி உயரத்தில் அண்ணியின் கால் நழுவியது. வாயைத் திறந்தால் கன்னடம் பேசுகிற அந்த அம்மாளுக்கு, உயிர் போகிற நேரம் பார்த்தா தமிழ் வர வேண்டும்? அதுவும் நான் திருத்திக் கொடுத்த தமிழ்! "பிடி தம்பி, பிடி!" என்று அலறினார். மார்டள்ளித் தமிழனான எனக்கு அன்று பார்த்துக் கன்னடமாகக் காதில் விழுந்தது. விட்டுவிட்டேன். உறைத்து இறுக்கியபோது என் உள்ளங்கை இரண்டும் வெந்திருந்தன. அண்ணி தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் தொங்கினார். வலது முழங்கை பாறையில் மோதி நொறுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணன் கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "நான்தான் கால் ஜாரி விழுந்துட்டேன். தம்பி பிடிச்சதாலே பொழைச்சேன்." அண்ணன் என் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக் கண் கலங்கினார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மலையேற்றத்துக்கு முழுக்கு விழுந்தது. சங்கம் கழித்துப் போட்ட அந்தக் கயிற்றை அண்ணி கேட்டு வாங்கி வந்து மாடியில் கட்டினார். அண்ணன் இன்றும் விருந்தாளிகளிடம், "என் தம்பிதான் காப்பாத்தினான்" என்கிறார். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு. நான் விட்டது அண்ணிக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஒரு தடவை திட்டித் தொலைக்க வேண்டியதுதானே!

அண்ணியின் அந்த வலது கை இன்னமும் முழுதாக நீளாது. பெட்ஷீட் காயப்போட நான் வேண்டும். போன ஞாயிறும் ஈர நுனியை என்னிடம் நீட்டினார்.

"பிடி தம்பி."

"தமிழா, கன்னடமா?" என்றேன், எரிச்சலில். முப்பது வருஷத்தில் முதல் தடவை வாய் தவறிவிட்டது.

அண்ணி கொடியைப் பார்த்தார்.

"தமிழ்தான்," என்றார். "அன்னிக்கும் தமிழ்தான் தம்பி."