கிளி விரட்டுன லத்தீன்

அதான பாத்தேன்! ஒம் மக நாலு நாளா எம் வாசலத் திரும்பிப் பாக்காமப் போறாளே, கலியாணப் பேச்சுல எதுவும் முட்டிக்கிருச்சோன்னு நானா ஒண்ண நெனச்சுக்கிட்டு இருந்தேன். லத்தீனா வெசயம்? செர்மனிக்கு நர்சு வேலைக்குப் போகணும், அதுக்கு செர்மன் பாசையில பரிச்ச எழுதணும், அம்புட்டும் நீ சொல்லித் தெரியும். இப்ப எவரோ ஒரு வாத்தியாரு, மொதல்ல லத்தீனப் படி, அது வேரு மாதிரி, அதப் பிடிச்சா மத்த பாசையெல்லாம் கெள கெளயாத் தன்னால கைக்கு வரும்னு சொல்லிட்டாராக்கும். இவ லத்தீனப் படிக்கவா, செர்மனப் படிக்கவான்னு சோறு எறங்காம ஒக்காந்திருக்கா. இதான?

இங்கன ஒக்காரு தாயி. சிரிக்காம கேளு. இந்த அல்லிநகரத்துலயே லத்தீன் தெரிஞ்ச ஒரே பொம்பள நாந்தேன்.

என்னா அப்பிடிப் பாக்குற? கைநாட்டுக்காரிதேன், இல்லைங்கல. இப்ப ரேசன் கடையில படிச்சவுக, படிக்காதவுக அம்புட்டுப் பேரும் மிசின்ல வெரல வச்சுட்டுத்தான அரிசி வாங்குறாக? நான் அறுவது வருசத்துக்கு முன்னாடியே அதுக்குப் பழகிட்டேன். அது கெடக்கட்டும். லத்தீன் கதைக்கு வாரேன்.

எனக்கு அப்ப ஒம்பது வயசு இருக்கும். எங்க ஊரு கம்பத்துப் பக்கம். ஊருக்கு வெளிய வேதக்காரவுக மாதா கோயிலு ஒண்ணு, அத ஒட்டிக் கோயிலுத் திராச்சத் தோட்டம். நாங்க அந்தச் சாமியக் கும்புடுற ஆளுக இல்ல, ஆனா தோட்டத்த எங்க அய்யாதேன் வெளைச்சல்ல பங்குன்னு வாரத்துக்குப் பாத்தாக. பழம் கருக்க ஆரம்பிச்சுட்டா கிளியும் மைனாவும் எங்கிட்டிருந்துதான் வருமோ, ஒரு கொலைய விடாது. எனக்கு வேல தகரத்தத் தட்டிக் கிளி வெரட்டுறது. கூடவே இடுப்புல எந்தம்பி. ரெண்டு வயசு. கனத்த பய, இடுப்பு நோகும்.

ஆனா காலப் பூச நடக்குற நேரத்துல மட்டும் தகரம் தட்டக் கூடாதுன்னு சாமியாரு சொல்லிட்டாக. பந்தலுக்கு நேரா கோயிலு சன்னலு. அப்பல்லாம் பூச பூராவும் லத்தீன்லதேன், சாமியாரு சனத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னு சொல்லுவாக. நான் துண்டக் கையில வச்சு வீசிக்கிட்டே கேட்டுக்கிட்டு நிப்பேன். தெனம் கேட்டதுல காதுல ஏறிப்போச்சு. பூச முடிஞ்ச பெறகு கிளி வந்தா, தகரத்த எடுக்கவே மாட்டேன். "தோமினுஸ் வோபிஸ்கும்!"னு ஒரு சத்தம். ஆண்டவரு ஒங்க கூட இருக்கட்டும்னு அதுக்கு அர்த்தமாம், பெறகுதேன் தெரிஞ்சுச்சு. பந்தலே எந்திரிச்சுப் பறக்கும் பாரு! தமிழ்ல ச்சூன்னா ஒரு கிளி அசையாது, லத்தீனுக்கு அம்புட்டும் ஓடிப்போயிரும்.

இத எங்க மாமன், ஆத்தா கூடப் பெறந்தவுக, ஒருநா கேட்டுட்டாக. அவுக கம்பத்துல இருந்து கேரளா எஸ்டேட்டுக்கு சீப்பு வண்டி ஓட்டுறவுக. ஏழு பாச தெரியும்னு ஊருக்குள்ள பீத்திக்கிருவாக. குமுளிக்கு அங்கிட்டுப் போயி வெள்ளம்னு கேட்டுத் தண்ணி குடிச்சுட்டா மலையாளம் தெரிஞ்சதாக் கணக்கு. எந்த எஸ்டேட்டுக் கிளார்க்கு அவுக காதுல ஓதுனாகளோ, லத்தீன் தெரிஞ்சவுகளுக்கு வெள்ளக்காரப் பாச அம்புட்டும் சும்மா வரும்னு சொல்லி, "எம் மருமக லத்தீன் பேசுறா! இனி இங்கிலீசும் பிரெஞ்சும் அவ வாசல்ல வந்து நிக்கும்"னு டீக்கடை வரைக்கும் போயிச் சொல்லிட்டாக. ஒம் மக வாத்தியாரு இன்னைக்குச் சொன்னத எங்க மாமன் அன்னைக்கே சொல்லிட்டாக, பாத்துக்க.

நானும் நம்பிட்டேன். பொம்பளப் பிள்ளைக சுத்தி நின்னு, "ஏடி, லத்தீன்ல எருமைக்கு என்னடி?"ன்னு கேப்பாளுக. வாயில வந்தத எடுத்து விடுவேன். சோத்துக்கு ஒண்ணு, எருமைக்கு ஒண்ணு. எது எருமை, எது சோறுன்னு எனக்கே மறுநா மறந்துபோகும்.

அப்பறம் ஒருநா காலையில. பக்கத்துப் பந்தல்ல கவாத்து வெட்டிட்டு மருந்து அடிக்கணும்னு அய்யா மயில்துத்தம் வாங்கி, சாக்குல சுருட்டி வரப்போரம் வச்சிருந்தாக. நீ பாத்திருக்க மாட்ட. கல்கண்டு மாதிரியே இருக்கும், நீலம்னா அப்பிடி ஒரு நீலம். சுண்ணாம்போட கரைச்சுக் கொடிக்கு அடிப்பாக. வெசம். அன்னைக்குக் கோயில்ல ஏதோ பெரிய நாளு, பாட்டும் கூத்துமா இருந்துச்சு. நான் தம்பியக் கீழ எறக்கி விட்டுட்டு சன்னல்ல தொங்கி வேடிக்க பாத்தேன். எம்புட்டு நேரம்னு தெரியல. திரும்பிப் பாத்தா சாக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கான். ஒதடு நீலமா இருக்கு. கையில ஒரு கல்லு. என்னயப் பாத்துச் சிரிக்கிறான்.

 கல்லப் புடுங்கிப் பாவாட மடிப்புல சொருகுனேன். ஒதட்டத் தொடச்சு விட்டேன். தொடச்சா ஒண்ணும் நடக்காததாயிரும்னு ஒரு நெனப்பு. செத்த நேரத்துல பய வாந்தியெடுக்க ஆரம்பிச்சுட்டான். பச்சையா வருது. வீட்டுக்குத் தூக்கிட்டு ஓடுனேன். "என்னடி தின்னான்? பச்சத் திராச்சயத் தின்னுட்டானா?"ன்னு ஆத்தா கேட்டுச்சு. நான் ஆமான்னு தலைய ஆட்டிட்டேன். அம்புட்டுதேன். வாயத் தொறந்து பொய்யே சொல்லல, தலைய ஒரு ஆட்டு.

பய தொவண்டு போறான். கண்ணு சொருகுது. மாமன் சீப்பு அன்னைக்கு வீட்டு வாசல்ல நின்னுச்சு, எல்லாரும் ஏறிக்கிட்டோம். கன்னியாஸ்திரி மடத்து ஆசுபத்திரிக்குப் போறோம். பாதி வழியில எதுக்க வந்த ஆளு ஒருத்தரு, ஆசுபத்திரியில தமிழ் தெரிஞ்ச நர்சம்மா பக்கத்து ஊருக்குப் பிரசவம் பாக்கப் போயிட்டாக, புதுசா வந்த வெள்ளக்காரச் சிஸ்டரு மட்டுந்தேன் இருக்காக, அவுகளுக்கு ஒரு வார்த்த தமிழ் தெரியாதுன்னு சொன்னாரு. ஆத்தா நெஞ்சுல அடிச்சுக்கிருச்சு. மாமன் மட்டும் அசரல. "எதுக்குக் கத்துற? நம்ம கூட லத்தீனே வருதுல்ல"ன்னு என்னயத் திரும்பிப் பாத்தாக.

ஏத்தா, அந்தச் சீப்புல நான் பட்ட பாடு! எனக்குத் தெரிஞ்ச லத்தீன ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்குறேன். மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ரெண்டு தடவ ஓட்டிட்டேன். எதுல மயில்துத்தம் இருக்கு? எதுவுமே என்னன்னு தெரியலயே. இன்னொரு பக்கம் ஒரு கள்ளப் புத்தி. தமிழ்ல சொன்னா அய்யா தோல உரிச்சுப்புடுவாக, லத்தீன்ல சொன்னா சிஸ்டருக்கு மட்டும்தான புரியும்? அதுக்காகவாவது ஒரு வார்த்த கெடைக்காதான்னு தேடுறேன். மடிப்புல கல்லு குத்துது. ஆத்தா மடியில தம்பி ஓக்காளிச்சுக்கிட்டே இருக்கான்.

போயி எறங்குனோம். சிஸ்டரு ஓடிவந்து பிள்ளைய வாங்கி மேசையில போட்டு, ஏதோ பாசையில என்னென்னமோ கேக்குறாக. யாருக்குத் தெரியும்? மாமன் என்னய முதுகுல பிடிச்சு முன்னால தள்ளுனாக. வாயத் தொறந்தேன். கிளிக்குச் சொன்னதுதேன் வந்துச்சு. "தோமினுஸ் வோபிஸ்கும்."

சிஸ்டரு அப்பிடியே நின்னுட்டாக. பாவாட சட்டையில, நெத்தியில திருநீறோட ஒரு பிள்ள இத எப்பிடிச் சொல்லுதுன்னு பாத்திருப்பாக போல. அப்பறம் பதில் சொன்னாக பாரு! கோயில்ல எப்பவும் சனம் சொல்லுற அதே பதிலு. மாமன் அய்யாவ இடிச்சு, "பாத்தீகளா மச்சான், பேசுறாக பாத்தீகளா!"ன்னாக. நான் அடுத்தத எடுத்து விட்டேன். அவுக அதுக்கும் அடுத்தத சொன்னாக. அவுக கண்ணு கலங்குது. இதுக, பிள்ள பொழைக்காதுன்னு தெரிஞ்சு, நம்மள செபம் பண்ணச் சொல்லித்தேன் தூக்கியாந்திருக்குக போலன்னு நெனச்சுட்டாக. மேசை காலுக்குப் பக்கத்துல பொதுக்குன்னு முட்டி போட்டுட்டாக.

அவுக முட்டி போட்டதும் ஆத்தா, "எம் பிள்ள போயிட்டானா!"ன்னு கத்துச்சு பாரு, இன்னும் எங் காத விட்டுப் போகல. அய்யா செவுத்தப் பிடிச்சுக்கிட்டாக. மாமன், "பேசு மருமகளே, இன்னும் பேசு, விட்றாத"ங்குறாக. நான் பேசப் பேச அந்தம்மா இன்னும் தலையக் குனிஞ்சு வேண்டுறாக. தம்பி மேசையில கெடக்கான். நான் வாய மூடுனாத்தேன் அவுக எந்திரிப்பாக, வாய மூடுனா என் லத்தீன் போச்சு, கல்ல எடுத்தா என் தோலு போச்சு.

எல்லாருக்கும் முதுகக் காட்டித் திரும்பிக்கிட்டேன், சாமியாரு மாதிரி. வாயி பாட்டுக்கு லத்தீனச் சொல்லிக்கிட்டே இருக்கு. கை மடிப்புக்குள்ள போயி கல்ல எடுத்து அவுக உள்ளங்கையில வச்சுப்புட்டு, தம்பி வாயத் தொட்டுக் காமிச்சேன்.

அவுக பாத்தாக. கல்லப் பாத்தாக, அவன் வாயத் தொறந்து பாத்தாக. அம்புட்டுதேன், லத்தீனும் நின்னுச்சு, செபமும் நின்னுச்சு. அவுக சொந்தப் பாசையில ஒரு கத்து கத்திக்கிட்டு உள்ள ஓடுனாக. முட்டைய ஒடைக்கிறாக, பாலக் கொண்டாறாக, ரப்பர் குழாயக் கொண்டாறாக, எங்களப் பிடிச்சு வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டாக.

வெளிய வாக மரத்தடி. நாங்க போயி நின்னப்ப நெழலு காலடியில இருந்துச்சு, அப்பறம் அது மதில் மேல ஏறி அங்கிட்டு எறங்கிருச்சு.  உள்ள தம்பி அழுதாக் கேக்கும், அழுகாட்டி அதவிடப் பயமா இருக்கும். நான் எந்தச் சாமிய வேண்டுறதுன்னு தெரியாம ரெண்டு சாமியையும் வேண்டுனேன். கடைசியில கதவு தொறந்துச்சு. சிஸ்டரு கையத் தொடச்சுக்கிட்டு வந்தாக. பிள்ள பொழச்சுக்கிட்டான்னு சொல்ல அவுகளுக்குத் தமிழ் இல்ல. என்னயப் பாத்தாக. மொதல்ல சொன்ன அதே லத்தீன் பதில இன்னொருக்காச் சொன்னாக, ஆனா சிரிச்சுக்கிட்டே சொன்னாக. ஆத்தா அவுக மொகத்தப் பாத்துட்டு அப்பிடியே மண்ணுல ஒக்காந்துருச்சு.

எந்தம்பிதேன், போன மாசம் பேரன் காதுகுத்துக்கு வந்து மூணு எல கறிச்சோறு தின்னுட்டுப் போனானே, நீதான பரிமாறுன, அவந்தேன்!

மறுநா பய பக்கத்துல நான் ஒக்காந்திருந்தப்ப, சிஸ்டரு அலமாரியில இருந்து அந்தக் கல்ல எடுத்தாந்து, கைய விரிச்சு, இதுக்கு என்ன பேருன்னு கண்ணாலயே கேட்டாக. நான் சுத்திமுத்தும் பாத்துட்டு, காதுல சொன்னேன். மயில்துத்தம். அத அவுக சொல்லி முடிக்கிறதுக்குள்ள மத்தியானம் ஆயிப்போச்சு. அவுக லத்தீன் பூராவும் தூக்கத்துலகூடச் சொல்லுவாக, ஆனா வாழப்பழம்னு சொல்ல ஒரு வருசம் ஆச்சு. வீடு வீடாப் போயி, வலிக்குதா, எங்க வலிக்குது, என்ன தின்னன்னு கேட்டுக் கேட்டுத்தேன் தமிழ் வந்துச்சு.

எனக்கு மலையாளம் சீக்கிரமா வந்துச்சு, அதையும் சொல்லணும்ல. பெரியவளாகி ஏலத்தோட்டத்துக்குப் போனப்ப ஒரு மாசத்துல பேசிட்டேன். மாமன் அதையும் லத்தீன் கணக்குலதேன் எழுதுனாக. இருக்கும். காது பழகியிருந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது. ஆனா காலுல அட்டை ஏறுனாக் கூப்பாடு போடணுமே, அதுக்கு எந்த லத்தீன் வரும்?

அதனால ஒம் மகளுக்கு நான் சொன்னேன்னு சொல்லு. லத்தீனு எங்கயும் ஓடிப் போகாது, பெறகு ஆசையிருந்தாப் படிக்கட்டும். அங்கன ஒரு செர்மன்காரி பிள்ளையத் தூக்கிட்டு ஓடியாருவா. அவகிட்ட, என்ன தின்னுச்சு, எப்பத் தின்னுச்சுன்னு கேக்கத் தெரியணும். அவ சொல்றது இவளுக்கு வெளங்கணும். அத மொதல்ல படிக்கச் சொல்லு.

மாமன் சும்மா இருப்பாகளா? லத்தீன் பேசி ஒரு உசுர மீட்டுட்டான்னு குமுளி வரைக்கும் சொல்லிட்டாக. அய்யாவும் நம்பிட்டாக. எனக்கா, அடி விழுகலைங்குற சந்தோசம் ஒரு பக்கம், பெரும ஒரு பக்கம். தம்பி வீட்டுக்கு வந்ததுல இருந்து ஆத்தா அவன என் இடுப்புல குடுக்கவே இல்ல. நாத்து நடப் போனாலும், தண்ணிக்குப் போனாலும், அந்தக் கனத்த பயல அதுவே சொமந்துச்சு. "குடு ஆத்தா, நான் தூக்குறேன்"னா, "நீ லத்தீன் படிச்ச பிள்ள, ஒனக்கெதுக்குடி இந்தப் பாடு"ன்னு சொல்லும். சிரிக்காமச் சொல்லும். அய்யாகிட்டயும் அதேதேன் சொல்லுச்சு, வேற ஒண்ணும் சொல்லல. லத்தீனுக்கு எம்புட்டு மரியாதன்னு நான் கையை வீசிக்கிட்டு முன்னால நடந்து போவேன். ஆத்தா பின்னாடியே சொமந்துக்கிட்டு வரும். கல்லு கத எல்லாந் தெரிஞ்சுதேன் அது என்கிட்ட பிள்ளையக் குடுக்கலன்னு, எனக்கு ரெண்டு பிள்ள பெறந்த பெறகுதேன் வெளங்குச்சு...

அய்யய்யோ, தூறுது பாரு! மாடியில மல்லியும் மொளகாயும் காயுதுடி, அந்தச் சாக்க எடுத்துக்கிட்டு ஓடியா, ஓடியா!