மௌனக் கூட்டத்தில் என் தொண்டை

"வாயத் தொறக்காம உட்கார்ந்திருந்தா தெய்வத்துக்கு எப்பிடி மோளே கேக்கும்?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அப்போது எனக்கு நல்ல குரல் இருந்தது. "நமக்கு ஏதாவது கேக்குதான்னு பாக்கத்தாம்மா உட்கார்றோம்" என்று சத்தமாகவே பதில் சொன்னேன். அம்மா நம்பவில்லை. போணக்காடு தோட்டத்தில் தேயிலை கிள்ளியவள் அவள். உரக்கக் கேட்டால்கூடப் பாதிதான் கிடைக்கும் என்பது அவளுடைய அனுபவம்.

கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் போனவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்குக் குரல் போன கதையை அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. ஆகவே அதையும் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது கேரளத்தில், வித்துராவில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. தோட்டத்து லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) யாருக்கு என்ன தேவை என்றாலும் பஞ்சாயத்து அலுவலகத்தில் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். மலையாளத்தில் பிசிறில்லாமல் வாதாடுவேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், பொன்முடி சாலையில் ஒரு பேக்கரிக்கு மேலே, மூடிப்போன டியூட்டோரியல் அறையில் நாங்கள் சிலர் கூடுவோம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் வழி. பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு வெளிச்சம் இருக்கிறது, அமைதியாக இருந்தால் அது தெரியும் என்பதுதான் அடிப்படை. எந்த மதத்தவரும் வரலாம். நான் விபூதி பூசிக்கொண்டே போவேன். மௌனத்தின் நடுவே யாருக்காவது ஏதாவது சொல்லத் தோன்றினால் எழுந்து நின்று சொல்லலாம். மற்றவர்கள் தலையைக் குனிந்து கேட்பார்கள். யாரும் பதில் சொல்லக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது.

இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்த்துத் திரும்பிய ரேச்சல் அக்கா இந்த வழக்கத்தை அங்கிருந்து கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சுகுமாரன் சேட்டன், வாழ்நாள் முழுக்கக் கத்தியாயிற்று, இனி ஒரு மணி நேரமாவது சும்மா இருக்க வேண்டும் என்று வந்தவர். கூட்டம் முடிந்து எல்லோரும் கைகுலுக்கும்போது பெஞ்சை இருமுறை தட்டி "ரைட்!" என்பார். தையல்கடை அம்மு சேச்சி திருநங்கை. அவரைப் பற்றி வம்பு பேசுகிறவர்களும் பிளவுஸ் தைக்க அவரிடம்தான் வருவார்கள். இங்கே யாரும் அவரிடம் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

கீழே பேக்கரி ஷாஜி முதல் மாதமே மாடியேறி வந்து எட்டிப்பார்த்தான். "ஒரு மணிக்கூறா ஒரு அனக்கமும் இல்ல. எல்லாரும் போயாச்சோன்னு பயந்து போச்சு கேட்டோ." போயாச்சு என்றதற்கு அவன் கை காட்டிய திசை மேலே.

அந்த அறையில் நான் ஒருநாளும் எழுந்து பேசியதில்லை. பேச எனக்கு வேறு இடங்கள் இருந்தன.

கழுத்தில் கட்டியை முதலில் பார்த்தவள் அம்மாதான். தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் ஏதோ ஏறி இறங்குகிறது என்றாள். திருவனந்தபுரத்தில் பரிசோதனை செய்தார்கள். தைராய்டில் (கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி) கட்டி இருந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ந்துகொண்டிருந்தது. ஓணம் விடுமுறையில் சுரப்பியின் ஒரு பாதியை எடுத்தார்கள்.

கண் விழித்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். காற்று மட்டும் வந்தது.

சுரப்பிக்குப் பின்னால், குரல்நாணை அசைக்கும் மெல்லிய நரம்பு ஓடுகிறது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு அது பாதிக்கப்படலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்தச் சிலரில் நான் ஒருத்தி. டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு வெள்ளை மடிப்புகள். வலது பக்கம் கதவுபோலத் திறந்து மூடியது. இடது பக்கம் அசையாமல் நின்றது.

அழுவேன் என்று நினைத்து டாக்டர் அம்மையார் துடைக்கும் தாளை நீட்டினார். நான் தாளில் எழுதிக் காட்டினேன்: இன்னொரு முறை காட்டுவீர்களா? என் குரலை அதுவரை நான் பார்த்ததில்லை. அது இவ்வளவு சிறிய இடத்திலிருந்து வந்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நரம்பு தானே உணரும், சிலருக்கு. கொறச்சு மாசம் காத்திருக்கணும்" என்றார் டாக்டர். தமிழ் நோயாளிகளிடம் கற்ற தமிழ் அவருடையது; உணரும் என்றால் விழித்துக்கொள்ளும். தண்ணீர் குடிக்கும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு விழுங்கச் சொன்னார். குரல்நாண்கள் சரியாக மூடாததால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். கிசுகிசுப்பாகவும் பேச வேண்டாம், அது இன்னும் அழுத்தம் தரும் என்றார். உங்களுக்கும் இதையே சொல்லியிருந்தால் தயவுசெய்து கேளுங்கள்.

சின்ன ஊரில் ஒருத்திக்குக் குரல் போனால் என்ன நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஊரே என்னிடம் கிசுகிசுப்பாகப் பேச ஆரம்பித்தது. காய்கறிக் கடைக்காரர் இரு பக்கமும் பார்த்துவிட்டு, "பீன்ஸ் நல்லதில்ல" என்று காதோடு சொன்னார். பஸ் ஸ்டாண்டில் எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் மிளகும் தேனும் சொன்னார். இன்னொருவர் தேன் கூடவே கூடாது என்றார். இருவரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் வாதாடினார்கள்.

சில வாரங்களில் வேறு செய்தி பரவியது. அந்த வாய் மிண்டாத கூட்டத்துக்குப் போய்தான் டீச்சருக்குக் குரல் போய்விட்டது. அங்கே நாக்கைக் கட்டிவிடுகிறார்கள். ஷாஜி எங்களுக்காக வாதாடியதாகச் சொன்னான். "இல்ல, ஆப்பரேஷன்லதான் குரல் போச்சுன்னு சொன்னேன் டீச்சரே. ஆரும் கேக்கல. மத்த கதைதான் நல்லா இருக்காம்."

பள்ளியில் தலைமை ஆசிரியை நல்லவர். அந்த ஆண்டு முழுக்க எனக்கு நூலகமும் கையெழுத்துப் பயிற்சியும் தந்தார். ஆனால் நேராகவே சொன்னார்: "ஜூன்ல குரல் இல்லேன்னா வேற ஆளை எடுக்கணும். எனக்கு வேற வழியில்ல." வேலை போனால் வித்துராவில் இருக்க முடியாது. அம்மா திரும்பத் தோட்டத்துக்குப் போக வேண்டிவரும். படித்த ஒருத்தி வீட்டில் இருந்தும் அம்மா மறுபடி கூடையைத் தூக்குவதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் போயிற்று. நரம்பு விழித்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறத் தொடங்கியபோது டாக்டர் இன்னொரு வழி சொன்னார். தைரோபிளாஸ்டி (கழுத்தின் குருத்தெலும்பில் சிறு சன்னல் வெட்டி, அதன் வழியே சிறு தகடு வைத்து, அசையாத குரல்நாணை நடுவே தள்ளும் சிகிச்சை). "வாய்ஸ் வரும். பக்ஷே பழைய வாய்ஸ் இல்ல. வேற ஒண்ணு." இன்னும் சில மாதம் காத்திருந்தும் பார்க்கலாம் என்றார். எனக்கோ பழைய குரல்தான் வேண்டியிருந்தது. முடிவெடுக்காமலே நாள் கடத்தினேன்.

அதற்கடுத்த ஞாயிறு, மௌனத்தின் நடுவே, பாட்டிலில் இருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். தாடையைத் தாழ்த்த மறந்துவிட்டேன்.

தண்ணீர் தவறான வழியில் போனது. மூச்சு நின்றது. எழுந்து நின்றேன். நான் எழுந்ததும் அறையில் இருந்த அத்தனை பேரும், மிகுந்த மரியாதையோடு, தலையைக் குனிந்து கண்களை மூடிக்கொண்டார்கள். இத்தனை காலம் பேசாத ஒருத்தி, அதுவும் குரலே இல்லாதவள், எழுந்து நிற்கிறாள். குறுக்கிடலாமா? நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு விசிலடிப்பது போல மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். ஆயுளெல்லாம் நர்ஸாக இருந்த ரேச்சல் அக்காவும் கண்ணை மூடித்தான் இருந்தார். கடைசியில் இருமல் வந்து, காற்று வந்து, "தண்ணி" என்ற ஒரு சொல்லும் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மௌனம் தொடர்ந்தது.

கைகுலுக்கும்போது சுகுமாரன் சேட்டனின் கண்கள் கலங்கியிருந்தன. "மோளே, ஒரே வாக்கு. 'தண்ணி'. எத்ர ஆழம்! அதையே யோசிச்சிட்டு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மறுபடி இருமல். அப்போதுதான் ரேச்சல் அக்காவுக்குப் புரிந்தது. அவர் முகம் வெளுத்துப்போனது. "புரையேறினதா? ஐயோ, நான் எந்தா பண்ணிட்டு இருந்தேன்!"

"பிரார்த்தனை" என்றேன், காற்றில்.

ஆனால் பயந்துவிட்டேன். இனியும் தள்ளிப்போட முடியாது என்று அன்று தெரிந்தது. குவேக்கர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. முடிவெடுக்கத் திணறும் ஒருவரைச் சுற்றிச் சிலர் உட்காருவார்கள். யோசனை சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். பதிலுக்கு அவசரப்படுத்தக் கூடாது. வித்துரா போன்ற ஊரில் யோசனை சொல்லாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று நினைத்துப்பாருங்கள்.

சுகுமாரன் சேட்டன் முதல் கேள்வி கேட்டார். "அந்த ஆப்பரேஷன் வேண்டாம்னு உனக்குத் தோணலையா?"

"அது கேள்வி இல்ல சேட்டா" என்றார் ரேச்சல் அக்கா.

"பின்னே? கடைசில கேள்விக்குறி உண்டல்லோ."

பிறகு அம்மு சேச்சி, ஊசி கோக்கும்போது பார்ப்பதுபோல என்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டு கேட்டார். "குரல் இருந்தப்ப நீ இங்க ஒரு நாளும் எழுந்து நிக்கலையே. அது ஏன்?"

குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. எனக்கும்தான். துண்டு துண்டாக எழுதிக் காட்டினேன். அலுவலகத்தில் பேசும்போது யாருக்காகப் பேசுகிறேன் என்று தெரியும். ஜெயிக்கப் பேசுவேன். இங்கே ஜெயிக்க எதுவும் இல்லை. எனக்கென்று சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். நான் காத்திருந்தது வாதாடும் அந்தக் குரலுக்கு. அது வராமலே போகலாம். வேறொரு குரல் எப்படி இருக்கும்? அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மறுநாளே டாக்டரிடம் சம்மதம் சொன்னேன்.

கோடை விடுமுறையில் சிகிச்சை. போகும் வழியில் அம்மா பழவங்காடியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் எறிந்தாள். அது சிதறிய சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் துள்ளிவிட்டார். "இது கேக்கும்" என்றாள் என்னிடம்.

இந்தச் சிகிச்சையில் முழு மயக்கம் தருவதில்லை. கழுத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, நோயாளியைப் பேசவைத்துக்கொண்டே தகட்டைச் சரியான இடத்தில் பொருத்துகிறார்கள். பயப்படாதீர்கள், வலி இல்லை, அழுத்தம் மட்டும் தெரியும். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டரின் குரல் வந்தது. "இனி பேசணும் டீச்சரே. எதாவது சொல்லு. ஒண்ணு ரெண்டு எண்ணினாலும் மதி, போதும்."

எண்கள் வாயில் வரவில்லை. வருகைப் பதிவு வந்தது.

"அபினவ்" என்றேன். காற்று. "ஆதிரா." காற்றுக்குள் ஒரு கரகரப்பு. டாக்டர் எதையோ நகர்த்தினார். "பாத்திமா." கீச்சென்று வந்தது. "கூடிப்போச்சு" என்று கொஞ்சம் பின்னால் இழுத்தார். "கௌதம்." "ஜெனிஃபர்."

ஜெனிஃபர் என்று சொன்னது யார் என்று ஒரு கணம் தெரியவில்லை. கொஞ்சம் தடித்த, தாழ்ந்த குரல். அறைக்குள் வேறு யாரோ நுழைந்தது போலிருந்தது.

"பிரசன்ட் டீச்சர்" என்றாள் தலைமாட்டில் நின்ற நர்ஸ்.

"ஆரும் சிரிக்கண்டா" என்றார் டாக்டர். "என் கையில கத்தி இருக்கு."

ஜூனில் பள்ளி திறந்தபோது தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் பாடத்தைக் கேட்டார். வகுப்பை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். பிள்ளைகள் டீச்சருக்கு ஜலதோஷம் என்று நினைத்து, சில நாள் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள். என்னால் இப்போது கத்த முடியாது. சத்தம் போட்டால் பேசாமல் நிற்கிறேன். அடங்கும்வரை நிற்கிறேன். முதலில் பயந்தார்கள். இப்போது அந்த மௌனத்தைப் புளிமிட்டாய் கைமாற்றப் பயன்படுத்துகிறார்கள்.

கழுத்துக்குள் ஒரு சிறு தகடு இருக்கிறது. விழுங்கும்போது சில நேரம் அதை நினைத்துக்கொள்கிறேன். ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். முன்பு ஒரு மூச்சில் ஐந்து வாக்கியம் சொல்வேன். இப்போது ஒன்று சொல்கிறேன். அடுத்ததற்கு முன் ஓர் இடைவெளி வருகிறது. அந்த இடைவெளியில் மற்றவர்கள் பேசுகிறார்கள். லயத்துக்காரர்கள் இவ்வளவு பேசுவார்கள் என்று எனக்கு முன்பு தெரியாது. அலுவலகத்தில் அவர்களுக்காக நானே பேசிவிடுவேன்.

போன ஞாயிறு அம்மாவும் மாடியேறி வந்தாள். கண்ணை மூடாமல், ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழே பப்ஸ் வேகும் வாசனை. மௌனம் பாதி கடந்திருக்கும். நான் எழுந்து நின்றேன்.

சுகுமாரன் சேட்டன் தலையைக் குனியவில்லை. பெஞ்சைத் தாண்டி ஓடிவந்து, மூடியைத் திறந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் உட்காரும்வரை காத்திருந்தேன். பிறகு பேச ஆரம்பித்தேன்.